பதினேழாம் கட்டை

முதல் தடவை பாதியில் நிறுத்தினேன்.
பொய் எதற்கு, பாதிகூட இல்லை.
நாலாவது நிமிடத்தில் ஒருவன்
அடிவயிற்றிலிருந்து உறுமினான்.
செம்பனை ஆலையின் எடைமேடையில்
பத்து மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறவளுக்கு
இன்னோர் ஆலை எதற்கு?
பென்டிரைவைப் பிடுங்கி
பிலவேந்திரனிடமே கொடுத்துவிட்டேன்.

அவன் ஃபிட்டர். கோபித்துக்கொள்ளவில்லை.
"எண்ணிப் பாருங்கக்கா" என்றான், கையெல்லாம் கிரீஸ்.
"நாலு நாலா எண்ணாதீங்க. உள்ள விடாது."

எந்த நாட்டுக் குழு என்று கேட்டேன்.
கம்பார் என்றான்.
பீடோரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி.
பேர், பத்து தூஜோ பெலாஸ்.
பதினேழாம் கட்டை.

லயத்திலிருந்து ஆலைக்கு
செம்மண் பாதையில் பதினேழு நிமிடம்,
மழையென்றால் இருபது.
அந்தப் பாட்டும் பதினேழு நிமிடம்.
அதனால்தான் திரும்பக் கேட்டேன், வலக்காதில் மட்டும்.
பெரிய காரணம் ஒன்றுமில்லை.

ஒரு வாரம் எரிச்சல்.
அடுத்த வாரம் மூன்றாம் நம்பர் பிரஸ்
பேரிங் தேய்ந்து தட்ட ஆரம்பித்தது:
தகிட தகதிமி
தகிட தகதிமி
பிலவேந்திரன் வந்து பார்க்குமுன்
நான் ஏழு எண்ணியிருந்தேன்.

அன்றிரவு பாதையில், ஆறாவது நிமிடத்தில்
உள்ளே விட்டது.
டிரம்ஸ் ஏழில் நடக்க, கித்தார் ஐந்தில் நடக்க,
முப்பத்தைந்து தட்டுக்கு ஒருமுறை
இரண்டும் ஒரே இடத்தில் காலை வைத்தன.
அதே இடத்தில் என் மோட்டார்
பள்ளத்தில் இறங்கியது.
பள்ளம் தற்செயல்தான்.
ஆனாலும் மறுநாள்
அந்த இடத்துக்கு ஏற்ப வேகத்தைக் குறைத்தேன்.

லயம் என்றால் எனக்குத்
தகரக் கூரை, ஆஸ்ட்ரோ தட்டு,
பக்கத்து வீட்டு இருமல் கேட்கிற சுவர்.
இன்னொரு பொருளும் உண்டென்று பள்ளியில் படித்ததோடு சரி.
முப்பத்தாறு வயதில்
அதற்குக் குடிபோனேன்.

ஈப்போவில், டயர் கடைக்கு மேல்மாடியில்.
டிக்கெட் ஐம்பத்தைந்து வெள்ளி.
அண்ணியிடம் ஓவர்டைம் என்றேன்.
நாற்பது பேர் இருந்தால் அதிகம், எல்லாம் கறுப்புச் சட்டை.
ஒரு பையன் மலாயில் மரியாதையாகக் கேட்டான்:
மேடையில் யாருக்கு அம்மா நீங்கள்?
யாருக்கும் இல்லை என்றேன்.
முன்னால் போக வழிவிட்டான்.

பையில் ஆலை கொடுத்த மஞ்சள் காதடைப்பான்.
வேண்டாம் என்றிருந்தேன்; முதல் அடியிலேயே மாட்டினேன்.
இரண்டாம் பாட்டில் ஒன்றைக் கழற்றினேன்,
வலக்காதுக்கு ஏற்கெனவே இவர்களைத் தெரியும்.

உறுமுகிறவன் நேரில் ஒல்லி.
மூக்குக்கண்ணாடி.
பாட்டுக்குப் பாட்டு திரும்பி நின்று
இன்ஹேலர் இழுத்தான்.

பதினேழு நிமிடப் பாட்டின் பதினோராம் நிமிடத்தில்
கரன்ட் போனது.
கித்தார் செத்தது, குரல் செத்தது.
டிரம்ஸ் அடித்த சீனப் பெண் மட்டும் நிறுத்தவில்லை.
கும்மிருட்டில் ஏழு, திரும்ப ஏழு.
நாற்பது பேரும் கை தட்டினார்கள்.
பாதிப் பேர் நாலில் தட்டித் தொலைந்தார்கள்.
நான் தொலையவில்லை.

கரன்ட் வந்தபோது
அவர்கள் எங்கே சேர்வார்கள் என்று
எனக்குத் தெரிந்திருந்தது.
முப்பத்தி மூன்று, முப்பத்தி நாலு,
பள்ளம் வருமே என்று
முழங்கால் தானாக மடங்கியது.

அழுதேனா என்று பிலவேந்திரன் காரில் கேட்டான்.
தூசி என்றேன்.
மேல்மாடியில் ஏது தூசி என்று
அவன் கேட்கவில்லை.

காலை ஆறுக்கு முதல் லோரி.
டிரைவர் கண்ணாடிக்கு வெளியே வாயசைக்கிறார்,
காதில் இன்னும் ஈப்போ.
எடை எழுதினேன், தப்பு, அடித்துவிட்டு எழுதினேன்.

மூன்றாம் நம்பர் பிரஸ்
நாலு நாலாய், நல்ல பிள்ளையாய் ஓடுகிறது.
புதுப் பேரிங் வந்துவிட்டதாம்,
நேற்று மத்தியானமே மாட்டிவிட்டானாம்.

அவனை மன்னிக்க
ஒரு வாரமாவது ஆகும்.