உதிர்ந்த பாதம்

மின்ட் தெரு, மூன்றாம் மாடி.
கைக்குட்டையைப் பிரித்து வைத்தார் லலித்சந்த்:
உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளி ப்ரோச்.
“அமெரிக்காலேர்ந்து வந்தது. ஜூனின்னு ஒரு ஜனம், அவங்க வேலை.
ஞாயித்துக்கிழமை ரிசப்ஷன். அதுக்குள்ள வேணும்.”

லென்ஸைக் கண்ணில் இடுக்கினேன்.
ஆடிக்கொண்டிருந்தது ஓர் உருவம்.
முகமூடிக்குப் பிரோசா, தோளுக்குப் பவளம்,
இடுப்புத் துணிக்குச் சிப்பி,
கையில் கடுகளவு சுரைக்குடுக்கை.
கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில்
என் நகம் நுழையவில்லை.
செய்தது ஆணோ பெண்ணோ,
ஒரு வணக்கம் வைத்தேன்,
பட்டறை பட்டறைக்கு வைப்பது.

வலது பாதம் மட்டும் இல்லை.
பழைய பசை, சொத்தைப்பல் நிறத்தில்.
மற்ற கல்லுக்கெல்லாம் வெள்ளி வேலி உண்டு,
அளவு சொல்லிவிடும்.
பாதம் வேலிக்கு வெளியே நீண்டிருந்திருக்கிறது.
குதிகால் தூக்கியதா, விரல் ஊன்றியதா?
தரைக்கு வருகிறதா,
தரையை விட்டுப் போகிறதா?

போனில் துழாவிய தபன் சொன்னான்:
“தாதா, ஆடும்போது படமெடுக்க
அங்கே விடமாட்டாங்களாம்.”
நல்லது என்றேன்.

எழுந்தேன்.
லுங்கியை மடித்துக் கட்டி,
ப்ரோச்சில் இருந்தபடி முழங்காலை மடக்கி,
இடுப்பை அதே சாய்வில் வைத்து
வலது காலைத் தூக்கினேன்.
தபன் பாலிஷ் மோட்டாரை அணைத்தான்.
கீழே தண்ணி லாரிக்கு வழிவிடச் சொல்லி
யாரோ கத்துவது கேட்டது.

ஐம்பத்திரண்டு வயது இடுப்பு
அதிக நேரம் தாங்கவில்லை.
விழுந்தது கால்,
முழுப் பாதமும் ஒன்றாய், தட்டையாய்.
பலகை அதிர்ந்து
ஒரு வாரத்து ராவுத்தூள் எழும்பியது.
“டேய், தூளு! தூளு!” என்று
நாலு பேர் பாய்ந்து கதவைச் சாத்தினார்கள்.

ஒரே ஒரு அடி.
அதற்குமேல் வைக்கவில்லை.
யாருக்காக ஆடுவதென்று எனக்குத் தெரியாது;
அளவுக்கு மட்டும் கடன் வாங்கினேன்.

தூத்துக்குடிச் சிப்பியில் அறுத்தேன்.
நெல்மணியில் பாதி,
அடி தட்டை, குதிகாலில் மெலிசாய் ஒரு வளைவு.
பின்புறம் இரண்டெழுத்துக் கையொப்பம் இருந்தது.
பாலிஷ் படாமல் விரலால் மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை லலித்சந்த்
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
“இந்தக் கால் மட்டும் வெளுப்பா இருக்கே?”
“புதுக் கால் சேட்டு,” என்றேன்.
“ஆட ஆட அழுக்காயிடும்.”