மூன்று கொட்டேசன்

பிரசவ விடுதியின் வருட ஒன்றுகூடலுக்கு
இந்த முறை ஒரு போட்டோ பூத் வேணும் என்று
சந்தமாலி மிஸ்தான் தொடக்கினா.
பொருளாளர் நான். கையில் ஐம்பத்திரண்டாயிரம்,
சாப்பாட்டுக்கு முற்பணம் போனது போக
மிச்சம் சொல்ல வெட்கம்.

முதல் ஆள் உப்புவெளிக்காரன்,
ஹோட்டல் கல்யாணங்களில் பழகினவன்.
விலை கேட்டால் 'பெக்கேஜ்' என்கிறான்,
தங்கம் வெள்ளி வைரம் என்று
நகைக்கடை மாதிரி அடுக்குகிறான்.
வெள்ளியில் அச்சுப்படம் இல்லை, போனுக்கு வருமாம்.
தங்கத்தில் அச்சு உண்டு, ஆனால் இரண்டு மணித்தியாலம்தான்.
வைரத்தைக் கேட்க எனக்குத் துணிவில்லை.

இரண்டாவது, மட்டக்களப்பில் இருந்து வரவேணும்.
வாகனக் கூலி தனி, ஜெனரேட்டர் தனி,
'காற்றுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்பது
கடைசி வரியில் சின்ன எழுத்தில்.
டச்சுபே கடற்கரைக்குப் பக்கத்து மண்டபத்தில்
காற்றில்லாத ஒரு நாளை
யாரிடம் போய் வாடகைக்கு எடுப்பது?

மூன்றாவது வாட்ஸ்அப்பில் வந்தது.
ஒரு பெட்டியின் படம்:
கிண்ணியா மரவேலைக்காரர் யாரோ அடித்த பலகை, பச்சை வர்ணம்,
உள்ளே ஒரு முக்காலி, இழுத்து மூடத் திரை.
கூடவே ஒரு பெண்பிள்ளையின் குரல்:
"அஸ்ஸலாமு அலைக்கும், இல்லாட்டி வணக்கம்,
ஆரெண்டு தெரியாது, மன்னிக்கவும்."
சிரித்துவிட்டேன்.

மருந்து அறையில் நின்றபடியே கூட்டம்.
சந்தமாலிக்கு மினுங்குகிற பின்சீலை வேணும்.
மேட்ரனுக்கு ரசீது வேணும்.
ருமைஸா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.
டியூட்டி மாறும்போது கையைப் பிடித்து
"படத்த அவங்க என்ன செய்வாங்க?" என்றாள்.

அந்தக் கேள்வி என் பட்டியலில் இல்லை.
மணிக்கு எத்தனை படம், கரண்ட் போனால் என்ன வழி,
தொப்பி, மீசை, பெரிய கண்ணாடி தருவார்களா,
இவ்வளவும் எழுதி வைத்திருந்தேன்.
மற்றவர்களுக்குத் திரை இழுத்து இழுத்தே
பதினாறு வருடச் சேவை போயிருக்கிறது.
எங்களுக்கும் ஒன்று வேணும் என்று
எழுதத் தோன்றவில்லை.

திரும்பவும் போன் எடுத்தேன்.
உப்புவெளி: "எங்கட பேஜில போடுவம் மிஸ், விளம்பரம்தானே,
அதுக்குத்தான் பத்து வீதம் கழிக்கிறம்."
மட்டக்களப்பு: "அண்ணாட்டக் கேட்டுச் சொல்றன்."
இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.
கிண்ணியாப் பிள்ளை, பெயர் ஷிப்னா,
கொஞ்சம் யோசித்தாள்.
"அச்செடுத்த உடன உங்கட கண்ணுக்கு முன்னால அழிப்பன்.
பெட்டிய நான்தான் பார்ப்பன்.
தம்பி பாரம் தூக்க மட்டும், வெளியில நிப்பான்."
மீசையும் கண்ணாடியும் இருக்கா என்றேன்.
"மீசை இருக்கு. கண்ணாடி உடைஞ்சிட்டு."

சனிக்கிழமை. தம்பி வெளியில்தான் நின்றான்,
கோட்டைப் பக்கமிருந்து இறங்கி வந்த மான் ஒன்று
வாசல் தோரணத்தைத் தின்னவிடாமல் துரத்திக்கொண்டு.
காற்று அடித்தது. பெட்டி அசையவில்லை,
அடியில் மண்மூட்டை வைத்திருந்தாள் கெட்டிக்காரி.
ருமைஸா உள்ளே போனாள். திரையை இழுத்தாள்.
நாலு வெளிச்சம். பிறகு இன்னும் நாலு.
வரிசை முணுமுணுக்கத் தொடங்கும் வரை
உள்ளே வெளிச்சம் வெட்டிக்கொண்டே இருந்தது.
நீளத் துண்டுகளை வாங்கி,
ஒன்றொன்றாகப் பார்த்து,
கைப்பைக்குள் வைத்து சிப்பை இழுத்தாள்.
ஒருவரும் காட்டச் சொல்லவில்லை.

என் துண்டில்
முதல் படம், லென்ஸ் எங்கே என்று தேடுகிறேன்.
இரண்டாவதில் மீசை, கோணல்.
மூன்றாவதில் மீசையோடு போன் காதில்:
இரட்டைப் பிள்ளை, ஆள் போதாது, உடனே வரட்டாம்.
நாலாவதில் முக்காலி.
திரை ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருக்கிறது.

துண்டு யாருக்கு என்று ஷிப்னா கேட்டிருக்கிறாள்.
சந்தமாலி வாங்கி வந்து
விடுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி,
முக்காலிக்கு ஓர் அம்புக்குறி போட்டு
'பொருளாளர்' என்று சிங்களத்தில் எழுதியிருக்கிறா.

மேட்ரன் இன்னும் ரசீது கேட்கிறா.