குறைவெண்

பெயர் வைக்கவே மூன்று வாரம்.
அறக்கட்டளை என்றால் கையில் ஒரு தொகை வேண்டும்,
சங்கம் என்றால் ஏழு பேர் போதும்.
ஏழாவது ஆள்தான் கிடைக்கவில்லை.
ஆதார் நகலெடுக்க வந்த
நெல் மண்டிக் காதர் மைதீனை
மெஷின் சூடாகும் நேரத்தில் உறுப்பினராக்கினேன்.

விதிகளைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.
தேவகோட்டையில் யாரோ நடத்திய
நூலகச் சங்கத்தின் விதிகள்.
'புத்தகம்' என்று வந்த இடமெல்லாம்
ஒரே தட்டில் 'வாகனம்' ஆக்கினேன்.
பதினோராம் விதி இன்றும் இப்படித்தான் இருக்கிறது:
வாகனத்தின் பக்கங்களைக் கிழிப்போர் நீக்கப்படுவர்.
பதிவாளர் அலுவலகம்
அதற்கும் முத்திரை குத்தித் தந்தது.

வாகனம் என்பது ஒரு பழைய ஆம்னி.
புதுவயலிலிருந்து காரைக்குடிக்கு
வாரம் மூன்று நாள், விடியலில் ஐந்தரைக்கு,
ரத்தம் கழுவிக்கொள்ளப் போகிற நான்கு பேர்.
போகும்போது அரசியல் பேசுவார்கள்.
திரும்பும்போது பேச்சில்லை,
மடியில் ஆளுக்கொரு பாலிதீன் பை.

மில்காரர்களிடம் மூட்டைக்குப் பத்துப் பைசா
மகமை கேட்டோம்.
கோயிலுக்கென்றால் தரலாம் என்றார்கள்.
'வண்டியில் பிள்ளையார் ஒட்டியிருக்கிறதே'
என்றார் பொருளாளர் அடைக்கலம்.
மூன்று மில் இறங்கி வந்தது.

அடைக்கலம் மில் கணக்கர்.
எதை எண்ணினாலும் ஒன்று என்று தொடங்கமாட்டார்.
லாபம், இரண்டு, மூன்று.
உண்டியலைக் கொட்டி எண்ணும்போதும்
முதல் பத்து ரூபாய் லாபம்தான்.
முதலாண்டு ஐந்தொகையில்
பன்னிரண்டாயிரம் நட்டம்.

அன்றைய கூட்டத்தில் ஒரே பொருள்:
சேவுகனின் ஆறு மாத வண்டிக்கூலி
இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பதைத் தள்ளுபடி செய்வது.
சேவுகன் லோடு இறக்கியவர். இப்போது வண்டியில் மூன்றாம் சீட்டு.
பதிவுத்தாளில் கையெழுத்திட்ட ஏழு பேரில் ஒருவரும் கூட.

வந்திருந்தவர்கள் ஐந்து பேர்.
ஐந்துதான் குறைவெண்.

தலைவி உமையாள் பதினான்காம் விதியைப் படித்தார்:
தன் ஆதாயம் பேசப்படும்போது
உறுப்பினர் அறையில் இருக்கலாகாது.
சேவுகன் எழுந்து போனார்.
நாங்கள் நான்கு பேரானோம். கூட்டம் செல்லாது.
கூப்பிட்டோம். வந்தார்.
ஐந்து பேர். ஆனால் பேசக்கூடாது.
மறுபடி போனார்.
'கோரம் இல்லையாம்' என்று காதர் சொல்ல
வாசலிலிருந்து குரல் வந்தது:
'நான் இருந்தாத்தானய்யா கோரம், என் மூஞ்சியப் பாருங்க.'

மெய்யர் குன்றக்குடியில் கல்யாணத்தில்.
நர்ஸ் ஜெசிந்தாவுக்கு ரிங் போய்க்கொண்டே இருந்தது.

'எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டா
யார் வந்து கேட்கப் போறாங்க?'
அடைக்கலம்தான் கேட்டார்.
உமையாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பதில் சொல்லவில்லை.
அந்த விதி வந்ததே அடைக்கலத்தால்தான்.
மகன் ஃபீஸுக்கு உண்டியலிலிருந்து நாலாயிரம் எடுத்து,
பத்தாம் நாள் திருப்பி வைத்து,
யாரும் கேட்காமலே கூட்டத்தில் சொன்னவர்.
சொன்னதோடு நிற்காமல்
எழுதி வையுங்கள் என்றவரும் அவர்தான்.
கேட்டது நினைவு வந்ததுபோல
பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

நிகழ்ச்சிப் புத்தகத்தில் எழுதினேன்:
குறைவெண் இன்மையால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

சேவுகன் உள்ளே வந்தார்.
ஊசி ஏறி ஏறிப் புடைத்த இடக்கையை
வலக்கையால் தாங்கியபடி.
'நாளைக்குப் புதன். வண்டி வருமா?'
'வண்டி வர தீர்மானம் வேண்டாம்'
என்றார் உமையாள்.
'பாக்கிக்குத்தான் வேணும்.'

சட்டைப் பையில் துழாவி
நாலு பத்து ரூபாய்த் தாளை மேசையில் வைத்தார்.
'ரசீது போடுங்க.'
இருக்கட்டும் என்றார் காதர்.
'இருக்கட்டும்னா ரசீது வராதே' என்றார் சேவுகன்.

ரசீது எண் 611.
அடைக்கலம் தாளைத் தொட்டு எண்ணினார்:
லாபம், இரண்டு, மூன்று, நாலு.
பாக்கி 2,840.
அதை மட்டும்
நான் பென்சிலில் எழுதினேன்.