கூச்சம்

குழாயை இறுகப் பிடித்துக்கொண்டு
தரமாட்டேன் என்றார் எர்ஹெஸின் அப்பா.
நிலக்கரி லாரி ஓட்டுபவர். நகக்கண்ணெல்லாம் கரி.
குழாய்க்குள் இளஞ்சிவப்பு நீர்.
நீருக்குள் மகனின் பாற்பல்;
கால்மணி முன்புவரை அவன் வாயில் ஆடிக்கொண்டிருந்தது.
"இது நாய்க்குச் சேரவேண்டியது."

எனக்கும் தெரியும்.
கொழுப்பில் பொதிந்து நாய்க்குப் போட்டு
கெட்டதை எடுத்துக்கொள், நல்லதைக் கொடு என்போம்.
என் இருபதையும் நாய்களே தின்றன.
இன்று எனக்கு வேண்டியது
அதன் உள்ளே இருப்பது.

தூல் ஆறு உறைந்த வாரத்தில் விழுந்தான் பையன்.
முன்பல் உடையவில்லை.
உள்ளே செத்துப்போனது.
எட்டு வயதுப் பல், வேர்முனை மூடவில்லை,
அடுப்பணைந்த கூடாரத்தின் உச்சித் துளைபோலத்
திறந்தே கிடந்தது.
அடைத்துவிடலாம், நிற்கும் என்றார் டாக்டர் ஓயூன்சிமெக்.
நிற்கும்.
வீட்டில் ஆள் இருக்காது.

"கூட்டைத் திருப்பித் தந்துவிடுகிறேன்,
சதை மட்டும் போதும்" என்றேன்.
அவர் யோசித்தார். லிஃப்ட் இரண்டுமுறை வந்து போனது.
"நாயை ஏமாற்றியது ஆகாதா?"
ஆகாது என்றேன்.
எனக்கு நிச்சயமில்லை.

பிளந்தால் ஒரு சிவந்த நூல்.
நொய்யரிசி அளவுகூட இல்லை.
நறுக்கி, கரைத்து, குடுவையில் விட்டேன்.
மூன்றாம் நாள் கண்ணாடியின் அடியைப் பற்றிக்கொண்டு
நீண்டு படுத்திருந்தன செல்கள்,
இன்னும் எதுவாகவும் ஆகிவிடாதவை.
புத்தாண்டு நாளில் ஊரே புழுக்கிய கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருக்க
நான் மட்டும் பேருந்தேறிப் போனேன்,
அவற்றுக்குச் சோறு மாற்ற.
அம்மா கேட்டாள்: யாருக்கு?
பெயர் சொல்லத் தெரியவில்லை.

பதினோரு குழந்தைகள்.
ஏழாம் எண்ணுக்கு ஒன்றும் வளரவில்லை.
அவள் பெயர் எனக்குத் தெரியும், இங்கே சொல்லமாட்டேன்.
அவளுடைய பல் சிமெண்டோடு சிரிக்கிறது.

எர்ஹெஸுக்கு
வேர்முனையைக் குத்திச் சொட்டு ரத்தம் வரவழைத்து
அதன்மேல் அந்த மிருதுவான உருண்டையை வைத்து மூடினார்கள்.
பிறகு காத்திருத்தல்.
படத்தில் வேர் மயிரிழை நீண்டது,
நான் பார்க்க விரும்பியதால் நீண்டதோ என்று
மறுபடி அளந்தேன்.

பதினான்காம் மாதம்.
பஞ்சில் பனித்துகள் தோய்த்துப் பல்லில் வைத்தார் டாக்டர்.
சுவர்க்கடிகாரம். ஒன்று. இரண்டு.
பையன் தோளைக் குலுக்கித் தலையைப் பின்னால் இழுத்தான்.
"கூசுது."

மறுபடி சொல் என்றார்.
"கூசுதுன்னேனே!" என்று கோபித்தான்.
ஓயூன்சிமெக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்;
அது அழுக்காக இல்லை.
வெளியே மைனஸ் இருபத்தெட்டில்
லாரியருகே நின்று காற்றுக்குப் பல்லை இளித்தான்,
சிலிர்த்தான், திரும்ப இளித்தான்.
பிணத்துக்கு ஏது கூச்சம்?

அப்பா மட்டும் தடுப்புக்கு இந்தப்பக்கம் நின்றார்.
குரலைத் தாழ்த்தினார்.
"பசருக்கு ஒரு கடைவாய்ப்பல் விழுந்துவிட்டது.
வெறுங்கூட்டைத் தின்னக் கொடுத்தோமல்லவா."
கொஞ்சம் தயங்கினார்.
"பையனுடையது மீதம் இருக்கிறதா?"

உறைகலனில் மூன்று சிமிழ்கள் இருந்தன.
அவர் சிரிக்கிறாரா என்று பார்த்தேன்.
சிரிக்கவில்லை.