நிகர எடை

செம்பனை ஆலையில் எடைமேடைக் கணக்கு என் வேலை.
பழத்தோடு வரும் லாரியை ஒரு முறை,
கொட்டிவிட்டுத் திரும்பும் லாரியை ஒரு முறை.
முதலதில் இரண்டாவதைக் கழித்தால் நிகரம்.
பதினோரு வருடமாகக் கழித்துக்கொண்டிருக்கிறேன்.
பிள்ளை பெறுவதும் ஒரு கழித்தல்தானே என்றிருந்தேன்.

கிளினிக்கில் கொடுத்த இளஞ்சிவப்புப் புத்தகத்தில்
எனக்கு வெள்ளை ஸ்டிக்கர்.
பயப்பட ஒன்றுமில்லை என்று அர்த்தம்.
லாரி வராத மத்தியானங்களில்
மிசி சொல்லித்தந்த மூச்சை
இழுத்தும் விட்டும் பழகினேன்.
பையில் இரண்டு கைலி, ஒரு மஞ்சள் குல்லாய்,
முடிவாகாத பெயர்ப் பட்டியல்.
உள்ளே வந்து கையைப் பிடித்துக்கொள்வதாகக்
குணாளன் சொல்லியிருந்தான்.

வெள்ளி இரவு நீர்க்குடம் உடைந்தது.
தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரி.
சனிக்கிழமை அஸார் பாங்கு கேட்கும்போது
ஏழு செண்டிமீட்டர்.
மக்ரிப் பாங்கு கேட்கும்போதும் ஏழு.
ஆலை வாசலில் படுத்துவிட்ட லாரி மாதிரி
உடம்பு அங்கேயே நின்றது.

வயிற்றில் கட்டிய பட்டையிலிருந்து
அவள் இதயம்
என் ரசீது இயந்திரம் போல
டக்டக்கென்று அச்சடித்துக்கொண்டிருந்தது.
பிறகு, காகிதம் சிக்கியதுபோல
ஒரு நிறுத்தம்.
அச்சு.
இன்னும் நீளமாய் ஒரு நிறுத்தம்.
யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை,
எல்லோரும் காகிதத்தைப் பார்த்தார்கள்.
"மேரா" என்றாள் சின்ன மிசி யாரிடமோ.
வெள்ளையின் மேலேயே சிவப்பை ஒட்டினாள்.

சுங்கை பூலோவுக்கு ஆம்புலன்ஸ்.
பின்னால் மழையில் மோட்டாரோடு குணாளன்.
ஈஜோக் தாண்டும் முன்
ஒதுங்க இடமில்லாமல் ஊர்ந்தது ஒரு பழ லாரி.
சைரன் கத்தக் கத்த ஊர்ந்தது.
ஒருவழியாய் முந்தியபோது
பின்கண்ணாடியில் அதன் எண் தெரிந்தது:
நேற்றுக் காலை நான் நிறுத்த லாரி.
பதினெட்டு டன், நானூற்று அறுபது கிலோ.
பிடித்துக்கொள்ள வேறு கை இல்லை.
அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டேன்.

பாரத்தில் கையெழுத்துக் கேட்டார்கள்.
தினமும் நூறு ரசீதில் போடுவதுதான்.
அன்று அது வேறு யாரோ ஒருத்தியின் பெயர் மாதிரி
சரிந்து ஓடியது.
முகத்தில் கவசம் வைத்து
பத்திலிருந்து கீழே எண்ணச் சொன்னார்கள்.
ஏழில் விட்டேன்.

விழித்தபோது தொண்டையில் ரப்பர் வாசம்.
"பெண். மூணு புள்ளி நாலு ரெண்டு."
எடையைத்தான் முதலில் சொன்னார்கள்.
ஈரச் சட்டையோடு வெளியே நின்றவனுக்குக்
கதவு திறந்தபோது
அவள் அழுது முடித்துத் தூங்கியிருந்தாள்.
எங்கள் இருவரில் ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது பத்தாங் பெர்ஜுந்தையில்
மைலோ டின்னோடு வருகிறவர்கள்
செருப்பைக் கழற்றும் முன்னே கேட்கிறார்கள்,
"சுகப்பிரசவமா?"
இல்லை, வெட்டி எடுத்தார்கள் என்றால்
"அப்போ வலி தெரிஞ்சிருக்காது" என்கிறார்கள்.
அந்தப் பத்தொன்பது மணி நேரத்தை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?
இருமினால் தையலைப் பொத்திக்கொள்கிறேன்.
மைலோ கலக்கிக் கொடுக்கிறேன்.

அவர்களிடம் சொல்லாதது ஒன்று உண்டு.

மூன்றாம் நாள் விடியற்காலை.
பிள்ளை மஞ்சள் காமாலைக்காக
நீல விளக்கின் கீழே வேறொரு அறையில்.
என் மார்பு கல்லாய்க் கட்டி, ஒரு சொட்டு இறங்கவில்லை.
ரத்த அழுத்தம் பார்க்க வந்த மிசி ரொஹானா
அன்றிரவு தியேட்டரில் இருந்தவள் என்று தெரிந்து
என் உடைந்த மலாயில் கேட்டேன்:
அவள் எப்படி அழுதாள்?

அவளுக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டேன்.
இரவு வேலை முடியும் நேரம், கண் சிவந்திருந்தது.
முகமூடியைத் தாடைக்கு இறக்கி
வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு,
முதலில் ஒரு விக்கல்,
கொஞ்சம் மௌனம்,
பிறகு கதவு கிறீச்சிடுவதுபோல் மெல்லிசாய்,
கோபமாய், மூன்று தடவை
அழுது காட்டினாள்.

பக்கத்துக் கட்டில் சீனப் பெண்
திரும்பிப் பார்த்தாள்.

என் சட்டை இரண்டு பக்கமும்
நனைந்துகொண்டிருந்தது.