கோரைப்பல்லின் பின்புறம்

நன்றாகத்தான் தின்கிறான், டாக்டர்.
எல்லோரும் முதலில் இதைத்தான் சொல்கிறார்கள்.
எலெயூத்தேரியோ பார்ரியா
கம்பளித் தொப்பியைக் கையில் பிழிந்தபடி சொன்னார்.
வெளியே புந்தா அரேனாஸின் காற்று
பெயர்ப்பலகையை அறைந்துகொண்டிருந்தது.

தின்பான். தாடையே உடைந்தாலும் தின்பான்.
பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது என்று
நாம் பேச்சுக்குச் சொல்வதை
நாய்கள் வலிக்கிற பல்லோடே செய்கின்றன.

உதட்டைத் தூக்கினேன்.
வலப்பக்கம் வெள்ளை.
இடப்பக்கம் முழுக்கப் பழுப்புக் காரை,
கெட்டிலின் அடியில் படிந்த உப்பைப் போல.
இந்தப் பக்கம் இவன் மெல்வதே இல்லை.
எத்தனை நாளாய்?
அவர் நாயைப் பார்த்தார்.
நாய் கதவைப் பார்த்தது.

டிஸ்னாடோ, கரி பூசியவன்.
இடது கண்ணுக்குக் கீழே பட்டாணி அளவு வீக்கம்.
கண்ணில் ஏதோ கோளாறு என்றுதான்
கொண்டுவந்திருந்தார்.

மயக்கத்தில் நாக்கு துணியாய்த் துவண்டது.
நாற்பத்திரண்டு பற்கள்,
நான் சொல்லச் சொல்ல ஹோவிதா குறித்துக்கொண்டாள்.
மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல்
சில்லாகப் பிளந்து ஈற்றில் தொங்கியது.
அது எலும்பு செய்த வேலை, வாரம் ஒன்று பார்க்கிறேன்.
கோரைப்பற்கள்தான் என்னை நிறுத்தின.

நான்குக்கும் நுனி கூராகவே இருந்தது.
தேய்ந்திருந்தது பின்புறம்,
அரத்தால் அராவினாற்போல் ஒரு பள்ளம்.
கல் கடிக்கிற நாய்க்கு நுனி போகும்.
பந்து கடிக்கிற நாய்க்கு எல்லாம் மட்டமாகும்.
பின்புறம் தேய்வது
கம்பியைக் கவ்வி இழுக்கிற நாய்க்கு.

ஊசிமுனை மூன்றில் வழுக்கிக்கொண்டு போனது.
உள்ளிருந்தே சுவர் எழுப்பித்
தம்மைக் காத்துக்கொண்ட பற்கள்.
நான்காவதில் முனை உள்ளே இறங்கியது.
பின்னால் விளக்கைப் பிடித்தேன்.
உயிருள்ள பல் ரோஜா நிறத்தில் ஒளிரும்.
இது ஒளிரவில்லை.

எக்ஸ்ரேயில் அதன் நரம்புக்குழாய்
வலப்பக்கத்து ஜோடியுடையதைவிட இருமடங்கு அகலம்.
பல் உயிரோடிருக்கும்வரை
வருஷா வருஷம் உள்சுவரைத் தடிப்பாக்கும்.
செத்த அன்றைக்குக் கொத்தனார் கரண்டியை வைத்துவிடுவார்.
நாய்க்கு வயது ஏழு.
குழாய்க்கு இரண்டைத் தாண்டாது.

கையுறையைக் கழற்றி வெளியே வந்து கேட்டேன்:
இவனுக்கு இரண்டு வயதில் என்ன நடந்தது?
விரல்விட்டு எண்ணினார்.
சால்மன் பண்ணையில் சேர்ந்தேன்.
பதினாலு நாள் மிதவையில், பதினாலு நாள் வீட்டில்.
கூண்டு நான் செய்ததுதான். நல்ல கம்பி.
பக்கத்து வீட்டுக்காரர் தீனி போட்டார்.
ஒருநாளும் குரைத்ததில்லை என்றார்.

பல் போனால் சொல் போகும் என்பார்கள்.
இவனுக்குப் பல்தான் சொல்.
இதை நான் அவரிடம் சொல்லவில்லை.
கட்டணத்தைச் சொன்னேன். மூன்று தவணை கேட்டார். சரி.

கடைவாய்ப்பல்லை மூன்று வேருக்கும் தனித்தனியாக அறுத்தேன்.
பிடுங்குவதில்லை, கெஞ்சுவது;
எலும்பு மெல்ல விட்டுக்கொடுக்கும்வரை
நெம்புகோலோடு காத்திருப்பது.
கோரைப்பல்லை எடுக்கவில்லை.
அதன் வேர் வெளியே தெரிவதைவிட நீளம்,
போனால் தாடை பாதி போன மாதிரி.
மெல்லிய அரங்களால் சுரண்டி,
கழுவி, உலர்த்தி, பிசின் அடைத்து
வெள்ளைச் சாந்தால் மூடினேன்.
செத்த பல்லும் வேலை செய்யும்.

பதின்மூன்றாம் நாள் தையல் பார்க்க வந்தார்கள்.
ஆறியிருந்தது. வீக்கம் இல்லை.
மறுநாள் அவருக்கு மிதவை.
நாய் இனி தங்கை வீட்டில்;
அவள் டாக்ஸி ஓட்டுகிறாள்,
முன்சீட்டில் உட்காரவைத்துக்கொள்வாளாம்.

பழைய இரும்பு வாங்குகிறவர்
யாரையாவது தெரியுமா, டாக்டர்?

வண்டியின் பின்னால் கயிற்றில் கட்டிக்
கூண்டின் கதவு நின்றது.
காற்று அதில் ஊதிக்கொண்டிருந்தது.
கம்பியெல்லாம் துரு.
என் முழங்காலுக்குச் சற்று மேலே
ஒன்று மட்டும்
பளபளவென்று.