பங்களிக்க விரும்புவோர் கவனத்துக்கு

வினிபெக், மைனஸ் முப்பத்தொன்று.
காரின் எஞ்சினுக்குச் சூடேற்றும் வயரைச் செருகிவிட்டு வந்து
பதினான்கு வருடத்துக்கு முன் நானே எழுதிய கோப்பைத் திறக்கிறேன்.
முதல் வரி:
‘நிரலை முழுதாகப் படிக்காதவர்கள்
தயவுசெய்து எதையும் அனுப்ப வேண்டாம்.’
தயவுசெய்து என்று போட்டிருக்கிறேன்.
அந்த அளவுக்கு நல்லவன்.

குறுவட்டு எழுதும் மென்பொருள்.
இன்னுமா என்பார்கள்.
இன்னும்தான்.
ஸ்கேன் படங்களை உறைக்குள் போட்டு
கவுண்டரில் நீட்டுகிறார்களே, அது எதில் என்று நினைத்தீர்கள்?

ஏழு வருடமாக என்னைத் தவிர ஒருவரும் இதில் கைவைத்ததில்லை.
கால்படாத பனி என்று அதைப் பார்த்துப்
பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.
வாசல்கதவு உறைந்து ஒட்டிப்போனதை
உள்ளே இருப்பவன் எப்படி அறிவான்?

பிராண்டனிலிருந்து நளாயினி எழுதியிருந்தா:
‘எனக்கு நிரல் தெரியாது.
ஆஸ்பத்திரியிலை ஸ்கேன் பிரிவிலை வேலை.
உங்கடை தமிழ்த் திரையிலை “எரி” எண்டு ஒரு பொத்தான்.
நேற்று ஒரு அம்மா தன்ரை நெஞ்சுப் படத்துக்காக நிண்டவ.
நான் அமத்தப் போக, எட்டி வாசிச்சுப்போட்டு
கையைப் பிடிச்சிட்டா.
எரிக்காதேங்கோ பிள்ளை, வேறை பிரதி இல்லை எண்டா.
அந்தச் சொல்லை மாத்த ஏலுமோ?
எங்கை மாத்திறதெண்டு நாலு இரவு தேடினன்.’

நாலு இரவு.
ஒரு சொல்லுக்கு.
அது கிடந்தது ஆறாவது அடைவுக்குள்ளே,
‘பழசு-புதுசு-2’ என்ற கோப்பில்.

லேசர் உண்மையில் சுடத்தானே செய்கிறது
என்று ஒரு பதில் எழுதினேன். நல்ல பதில்.
அனுப்பவில்லை.

பிறகு சனிக்கிழமைகள்.
சொற்களையெல்லாம் வெளியே எடுத்து
‘சொற்கள்’ என்றே பெயரிட்ட அடைவில் வைத்தேன்.
இத்தனை எளிதா என்று எனக்கே வெட்கம்.
அடுத்து ஒரு போலி டிரைவ்: அறுபது வரி.
இல்லாத வட்டை ஏற்றுக்கொண்டு, சுற்றி,
முடிந்தது என்று பொய் சொல்லும்.
சோதித்துப் பார்க்க இனி யாரும்
நிஜ வட்டைப் பாழாக்க வேண்டாம்.
(என் வீட்டில் தேநீர்க் கோப்பைகளுக்கு அடியில் இருபது,
பால்கனியில் புறா விரட்ட ஏழு.)

பனி தள்ளும் வண்டி ஓட்டும் ஒஸ்டாப்பைக் கூப்பிட்டு
மடிக்கணினியைக் கொடுத்தேன்.
வழிமுறையைப் படி, செய், நான் வாய் திறக்க மாட்டேன்.
மூன்றாவது வரியில் நின்றான்.
‘வழக்கம்போல் நிறுவவும் என்கிறாய்.
எனக்கு எது வழக்கம்?’

‘வழக்கம்போல்’ பதினோரு இடத்தில் இருந்தது.
‘வெறுமனே’ ஒன்பது இடத்தில்.
இரண்டையும் அடித்துவிட்டு
அந்த இடங்களில் என்ன செய்ய வேண்டும் என்று எழுத
இரண்டு வாரம் ஆனது.
எனக்கே மறந்துபோயிருந்தவை பாதி.

பெப்ரவரியில் வந்தது.
ஒரு வரி போனது: எரி.
ஒரு வரி வந்தது: வட்டில் எழுது.
போலி டிரைவ் இல்லாத வட்டைச் சுற்றிப் பார்த்து
சரி என்றது.
பங்களிப்போர் பட்டியலில் என் பெயருக்குக் கீழே
முதன்முறையாக இன்னொரு பெயர்.

அந்த முதல் வரியை என்ன செய்வது என்றுதான் யோசித்தேன்.
அழித்தேன். அதன் இடத்தில் எதுவும் எழுதவில்லை.
கோப்பு இப்போது ‘வணக்கம்’ என்று தொடங்குகிறது,
அது இரண்டாவது வரியாக முன்பே இருந்தது.

இன்று காலை மறுபடியும் நளாயினி:
‘“இரத்துச்செய்” எண்டதிலை அந்த “இ” தேவையோ?’

இலக்கண விளக்கம் அரைப்பக்கம் அடித்தேன்.
கார் சூடாகிவிட்டிருக்கும்.
அரைப்பக்கத்தையும் அழித்துவிட்டு எழுதினேன்:
நீங்களே முடிவெடுங்கோ.